ஃபோனுக்குள் யார் சில்லு: ஆப்பா, படமா, ஸ்க்ரூடிரைவரா?

சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேர் கடைகளில் பழைய ஃபோன் பார்க்கும்போது “உள்ளே யார் சில்லு (சிப்)?” என்று கேட்டால் பிராண்ட் பெயர்தான் பதிலாக வரும். அது பாதிப் பதில். வடிவமைப்பவர் ஒருவர், ஆலையில் தயாரிப்பவர் இன்னொருவர். பெட்டியில் உள்ள ‘மேட் இன் வியட்நாம்’ இருவரையும் பற்றிப் பேசாது. பாகங்களைச் சேர்த்து ஃபோனாக்கிய இடம் மட்டும்தான் அது.

எளிய வழி ஆப். சிபியு-இசட் போன்றவை இலவசம். ப்ராசஸரின் பெயர் தெரியும். சென்சார் பட்டியலில் போஷ், எஸ்டி மைக்ரோ என்று தயாரிப்பாளர் பெயர்களும் பெரும்பாலும் வரும். ஆனால் ஆலையைப் பற்றி ஆப் வாய் திறக்காது. ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1, 8+ ஜென் 1 இரண்டும் குவால்காமுடையவை. முன்னதைத் தயாரித்தது சாம்சங் ஆலை, பின்னதைத் தைவானின் டிஎஸ்எம்சி ஆலை. சூட்டிலும் பேட்டரியிலும் பின்னதே மேல். ஆப் காட்டுவதோ எஸ்எம்8450, எஸ்எம்8475 என்ற எண்களைத்தான். மீதி நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2015 ஐஃபோன் 6எஸ் ஒரு விதிவிலக்கு. அதன் ஏ9 சில்லை சாம்சங், டிஎஸ்எம்சி இரண்டுமே தயாரித்தன. என்71ஏபி என்று ஆப் காட்டினால் சாம்சங், நடுவில் ஓர் ‘எம்’ சேர்ந்தால் டிஎஸ்எம்சி. பேட்டரி வித்தியாசம் 2-3 சதவீதம்தான் என்றது ஆப்பிள்.

சாம்சங் ஃபோனுக்கு ஆப்கூடத் தேவையில்லை, மாடல் எண்ணே போதும். எஸ்21 லோக்கல் செட் எஸ்எம்-ஜி991பி என்றால் சாம்சங்கின் சொந்த ப்ராசஸரான எக்ஸினோஸ். ஹாங்காங்கிலிருந்து வந்த எக்ஸ்போர்ட் செட் எஸ்எம்-ஜி9910 என்றால் ஸ்னாப்டிராகன். கடையிலேயே செட்டிங்ஸைத் திறந்து பார்த்துவிடலாம்.

அடுத்தது, பிறர் பிரித்த படங்கள். ஐஃபிக்ஸிட் என்ற பழுதுபார்ப்பு இணையத்தளம் பிரித்துப்போட்ட ஃபோன்களில் முக்கியச் சில்லுகளைப் பெயரோடு குறித்திருப்பார்கள். அமெரிக்காவில் விற்கும் மாடல் என்றால் அதன் எஃப்சிசி (அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம்) எண்ணை வைத்துத் தேடினால் உட்புறப் படங்களும் கிடைப்பதுண்டு, தெளிவு சுமார்தான். ஒரே குறை, படத்தில் இருப்பது உங்கள் ஃபோன் இல்லை. ஒரே மாடலில் ஒரு தொகுதிக்கு சாம்சங் மெமரி, அடுத்ததற்கு எஸ்கே ஹைனிக்ஸ் என்று மாறிவிடும்.

அப்போ நாமே பிரித்தால்? மெமரிக்கு அது நல்ல வழிதான். சில்லின் மேலுள்ள எழுத்து ‘கே’ என்று தொடங்கினால் பெரும்பாலும் சாம்சங், ‘எச்’ என்றால் ஹைனிக்ஸ். மைக்ரான் ஐந்தெழுத்துக் குறியீடு போடும், அவர்கள் இணையத்தளத்திலேயே அதை விரித்துப் பார்க்கலாம். மைக்ரானின் நாண்ட் (சேமிப்பு மெமரி) ஆலைகள் நம்ம ஊட்லண்ட்ஸ் பக்கம்தான் இருக்கின்றன. ப்ராசஸரைத் தேடினால் ஏமாற்றம்தான்: பல ஃபோன்களில் ரேம் அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கும், கண்ணில் படுவது ரேமின் எழுத்து. ஆலையை உறுதிசெய்ய சில்லையே அறுத்துப் பார்க்கும் ஆய்வகம் வேண்டும். 2023இல் ஹுவாவெய் மேட் 60 ப்ரோவின் கிரின் 9000எஸ் ப்ராசஸர், சீனாவின் எஸ்எம்ஐசி ஆலையில் தயாரான 7 நானோமீட்டர் சில்லு என்று டெக்இன்சைட்ஸ் ஆய்வு நிறுவனம் கண்டுபிடித்தது அப்படித்தான்.

வாங்கும் முன் மாடல் எண், வாங்கிய பின் ஆப், ஆர்வம் மிஞ்சினால் படங்கள். ஸ்க்ரூடிரைவரை ஏற்கெனவே செத்துப்போன ஃபோனுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதிலும் பேட்டரியைக் குத்திவிடாமல்.