பியட்டுக்கு ‘சப்ரஷன் கிட்’ போடப் போறவங்க கவனிங்க: 6,800 ரூபாய் போன கதை

அப்பாவோட பழைய பியட் கார், பிரீமியர் பத்மினி, இன்னும் ஓடுது. டாஷ்போர்டுல பழைய மீடியம் வேவ் ரேடியோ. தண்டையார்பேட்டை வீட்டு வாசல்ல இன்ஜின் ஆஃப்ல இருந்தா 720-ல சென்னை வானொலி கணீர்னு கேட்கும். ஸ்டார்ட் பண்ணா போச்சு, கடுகு பொரியிற மாதிரி டிக் டிக். ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த அதுவும் வேகமாப் பொரியும். இன்ஜின்ல பெட்ரோலைப் பத்த வைக்கிற ஸ்பார்க்தான் ரேடியோவுல இப்படிக் கேட்குது; அதை அடக்குற சாமான் செட்டுதான் ‘சப்ரஷன் கிட்’.

மூலக்கடை பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரிகல் கடையில காட்டினேன். “பிளக்கு, கார்பன் ஒயரு, கண்டன்சரு எல்லாம் சேத்து 6,800. கண்ண மூடிக்கினு ஓட்டு சார்.” பில் கேட்டதுக்கு, “பில்லுன்னா ஜிஎஸ்டி ஆவும் சார்.” நானும் விட்டுட்டேன்; என் புத்தியைச் சொல்லணும்.

சத்தம் துளி குறையல. நாலாம் நாள் வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன் கிட்ட வண்டி திக்கித் திணறி நின்னுடுச்சு. பின்னாடி வந்த பஸ்காரர் அடிச்ச ஹார்ன் இன்னும் காதுல கேட்குது.

ராயபுரத்துல அப்பா காலத்து மெக்கானிக் ஒருத்தர் இருக்கார். பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரிச்சு விடுற டிஸ்ட்ரிபியூட்டரோட மூடியைத் திறந்தா, உள்ள காயில் கரண்ட்டை விட்டு விட்டு வெட்டுற பாயிண்ட் கருகிக் குழி விழுந்திருக்கு. ஸ்பார்க்குக்கு வோல்டேஜை ஏத்திக் கொடுக்குற காயிலைப் பார்த்துத் தலையில அடிச்சுக்கிட்டார். ரேடியோ சத்தத்துக்குப் போடுற 1 மைக்ரோஃபாரட் கண்டன்சர், சாவியிலிருந்து கரண்ட் வர்ற பிளஸ் முனையில இருக்கணும். இவங்க பாயிண்ட் போற முனையில மாட்டியிருக்காங்க! பாயிண்டுக்குன்னு சுமார் 0.2 மைக்ரோஃபாரட்ல ஏற்கனவே ஒண்ணு இருக்கு. அதோட இதுவும் சேர்ந்தா, பாயிண்ட் திறக்கும்போது காயில்ல வோல்டேஜ் சட்டுனு எகிறாது, ஸ்பார்க் சோர்ந்துடும்.

அடுத்து ஒயர். கார்பன் ஒயர்னா, சத்தத்தை அடக்குற ரெசிஸ்டன்ஸ் ஒரு அடி நீளத்துக்குச் சில ஆயிரம் ஓம் காட்டணும். மல்டிமீட்டர்ல வெச்சா பூஜ்யம். நுனியைச் சீவினா பளபளன்னு செம்புக் கம்பி. ரெசிஸ்டர் பிளக்னு கொடுத்ததுல மேல் முனைக்கும் அடியில ஸ்பார்க் வர்ற நடு முனைக்கும் இடையில 5,000 ஓம் பக்கம் வரணும், அதுவும் பூஜ்யம். வழக்கமா பிளக் நம்பர்லயே ‘ஆர்’ எழுத்து இருக்குமாம். டப்பாவுல இருந்துச்சு, பிளக்குல இல்ல.

ரேடியோ சத்தத்துக்குன்னு அவர் முதல்ல செஞ்சது என்ன தெரியுமா? ரேடியோ பின்னாடி ஏரியல் (ஆன்டெனா) ஒயரை உருவினார். சத்தம் நின்னுச்சு. “ஏரியல் வழியாத்தான் வருது தம்பி, கரண்ட் ஒயர் வழியா இல்ல.” ஏரியல் அடியில பாடியோட எர்த் ஆகுற இடம் முழுக்கத் துரு. உப்புத் தாள் போட்டுத் தேய்ச்சதுலயே பாதி அடங்கிடுச்சு. செம்பு ஒயரை அப்படியே வெச்சுக்கிட்டு, பிளக்குக்கு ஒண்ணா நாலு 5,000 ஓம் சப்ரஸர் கேப் (பிளக் தலையில மாட்டுற மூடி) போட்டதும் மீதியும் போச்சு. புது பாயிண்ட், கேப் எல்லாம் சேர்த்தும் ஆயிரத்தைத் தொடல.

கடைக்குத் திரும்பப் போனேன். “மாட்டுன சாமானை ரிட்டன் எடுக்க மாட்டோம் சார்.” பில் இல்லாம நான் என்ன பேச முடியும்? கழட்டின அந்த நாலு பிளக்கும் டிக்கியிலதான் உருண்டுக்கிட்டு கிடக்கு.