மசக்கை வாந்திக்கு டாக்ஸிலமினா, ஒன்டான்செட்ரானா?

இஞ்சி, ரஸ்க், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவது எல்லாம் பார்த்தும் வாந்தி அடங்காவிட்டால், மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கும். ஒன்று, டாக்ஸிலமினும் பைரிடாக்ஸின் எனப்படும் பி6 வைட்டமினும் தலா 10 மி.கி. சேர்ந்த மாத்திரை. டாக்ஸினேட் என்றால் பலருக்கும் தெரியும். மற்றது ஒன்டான்செட்ரான் 4 மி.கி., அதாவது எமெசெட் வகை. முதல் மூன்று மாதத்துக்கு நான் கைகாட்டுவது டாக்ஸிலமின் கூட்டையே.

வேகத்தில் ஒன்டான்செட்ரான்தான் முந்தும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் குமட்டல் தணியும். தூக்கமும் அவ்வளவாக வராது. டாக்ஸிலமின் தூங்கவைக்கும். அதைப் போடும் நாட்களில் வண்டி ஓட்டக் கூடாது, தூக்கம் வரவைக்கும் சளி மருந்தும் கூடவே வேண்டாம்.

ஆனால் டாக்ஸிலமின் கூட்டு பலன் தருமா தராதா என்பதை முடிவுசெய்வது அதைப் போடும் நேரம்தான். ‘டாக்ஸினேட் கேட்கவே இல்லை’ என்பவர்களிடம் எப்போது போட்டீர்கள் என்று விசாரித்தால், ‘காலையில் குமட்டும்போது’ என்ற பதிலே அதிகம் வரும். இந்த மாத்திரையின் மேல்பூச்சு வயிற்றில் கரையாமல் குடலில் கரையும்படி செய்யப்பட்டது. வெறும் வயிற்றில் போட்டாலும் டாக்ஸிலமின் ரத்தத்தில் உச்சத்துக்கு வர ஏறக்குறைய ஏழு மணி நேரமாகும். இரவு 10 மணிக்குப் போட்டால் விடியற்காலை 5 மணிக்கு, எழுந்திருக்கும் முன்பே, மருந்து தயாராக இருக்கும். காலை 7 மணிக்கு வாந்தியோடு போட்டால் மதியம் 2 மணிக்குத்தான் முழுப் பலன், அதுவும் மாத்திரை உள்ளே நின்றால். சாப்பிட்ட கையோடு போட்டால் இன்னும் தாமதமாகும், உடலில் சேரும் அளவும் குறையும். பொடித்தால் பூச்சே வீணாகிவிடும். ஒரு டம்ளர் தண்ணீரோடு முழுசாக விழுங்க வேண்டும். உறையில் ‘டிலேய்ட் ரிலீஸ்’ என்று அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கு அதற்குத்தான்.

அளவை ஏற்றும் முறை இது. முதல் நாள் படுக்கப்போகும்போது 2. மறுநாள் பகலில் தொந்தரவு அடங்கினால் தினமும் இரவு அந்த 2 போதும். பிற்பகலிலும் குமட்டல் இருந்தால் அன்றிரவும் 2 போட்டு, மூன்றாம் நாளிலிருந்து காலை 1, இரவு 2. அதற்கும் அடங்காவிட்டால் நான்காம் நாளிலிருந்து காலை 1, மாலை நெருங்கும்போது 1, இரவு 2. நாளுக்கு 4 மாத்திரைதான் உச்சம். 20 மி.கி. மாத்திரை வாங்கியிருந்தால் எண்ணிக்கை பாதியாகும்: இரவு 1, அதிகபட்சம் நாளுக்கு 2. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் அளவு இரட்டிப்பாகிவிடும். சில பிராண்டுகளில் ஃபோலிக் ஆசிட்டும் இருக்கும். தனியாக ஃபோலிக் மாத்திரை போடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வாந்தி இல்லாத நாளில் நிறுத்திவிட்டு மறுபடி வந்ததும் தொடங்குவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. இது தேவைப்படும்போது போடும் மருந்தல்ல. தினமும் போட வேண்டியது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை இதற்குப் பெரிய வரலாறே உண்டு. அமெரிக்காவில் பென்டெக்டின் என்ற பெயரில் விற்ற இதே கூட்டு, குறைபாட்டுடன் குழந்தை பிறக்கும் என்ற வழக்குகளால் 1983-இல் சந்தையைவிட்டுப் போனது. பின்னர் வந்த ஆய்வுகள் அந்தப் பழியை உறுதிசெய்யவில்லை. 2013-இல் அங்கே மறுபடி அனுமதி கிடைத்தது.

ஒன்டான்செட்ரானின் வழக்கமான அளவு 4 மி.கி., எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. வலுவான மருந்துதான். 36 பெண்களை வைத்து 2014-இல் வந்த ஒரு சிறு ஆய்வில் டாக்ஸிலமின் கூட்டைவிட இதுவே நன்றாகக் கேட்டது. தயக்கம் வருவது வேறு இடத்தில். முதல் மூன்று மாதத்தில் இதை எடுத்தவர்களிடம் 10,000 பிரசவத்துக்கு ஏறக்குறைய 3 குழந்தைகளுக்குக் கூடுதலாக உதடு அல்லது அண்ணப் பிளவு இருந்ததாக 2018-இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. 2019-இல் ஐரோப்பிய மருந்து முகமை முதல் மூன்று மாதத்தில் வேண்டாம் என்றது. பிரிட்டனிலோ, மற்றவை கேட்காதபோது இரண்டாம் கட்டமாகத் தரலாம் என்கிறார்கள். ஆய்வுகளே ஒத்துப்போகாத விஷயம் இது. கூடுதல் அபாயம் மிகச் சிறியது, ஏற்கெனவே சாப்பிட்டவர்கள் பதற வேண்டியதில்லை. முதலில் எடுக்க வேண்டியது இதுவல்ல என்பது மட்டுமே என் வாதம். மலச்சிக்கலையும் கூட்டும். இதயத் துடிப்பில் பழைய கோளாறு இருந்தாலோ, வாந்தியால் பொட்டாசியம் இறங்கியிருந்தாலோ எச்சரிக்கை தேவை.

ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட நிற்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, உடல் எடை ஐந்து சதவீதம் இறங்கிவிட்டது என்றால் எந்த மாத்திரை என்ற கேள்விக்கே இடமில்லை, ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். நாள்கணக்கில் சாப்பாடே இறங்காதவருக்கு குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின், அதாவது பி1 ஊசி, போட வேண்டும். அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிக்கப்படலாம். ‘பி1 போட்டாச்சா?’ என்று கூட இருப்பவர் தயங்காமல் கேட்கலாம்.