பிறந்ததும் மூச்சு விடாத குழந்தைக்கான சுவாசப் பை: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

மருத்துவர் எந்நேரமும் உடனிருக்க வழியில்லாத ஒரு சிறிய கிராமப்புறப் பிரசவ அறையில் செவிலியாகப் பணிபுரியும் நான், பிறந்தவுடன் மூச்சு விடாத குழந்தைக்குக் காற்றுச் செலுத்தும் கைப்பையையும் முகமூடியையும் இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். யார் தயாரித்ததானாலும் எங்கள் பேச்சில் அது ஆம்பு பேக்தான். அழுத்திவிட்டதும் பை தானாகவே உப்பிக்கொள்ளும். நிறைமாதக் குழந்தைக்குத் தொடக்கத்தில் அறைக்காற்றே போதும் என்பதால், மின்சாரத்துக்கோ ஆக்சிஜன் சிலிண்டருக்கோ காத்திருக்க வேண்டியதில்லை.

இதன் அருமை புரிய வேண்டுமானால், 'இறந்தே பிறந்தது' என்று பதிவேட்டில் எழுதப்படும் வரியைச் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும். அழாமல், துவண்டு, வெளிறிப்போய்ப் பிறக்கும் குழந்தையின் தொப்புள் கொடியை வயிற்றை ஒட்டி இரு விரல்களால் பிடித்துப் பார்த்தால், சில வேளை துடிப்பு மெல்லத் தட்டுப்படும். அக்குழந்தைக்கு உயிர் இருக்கிறது, மூச்சுதான் தொடங்கவில்லை. ஈரம் துடைத்து, முதுகைத் தேய்த்தும் மூச்சு வராவிட்டால், பிறந்த ஒரு நிமிடத்துக்குள் காற்றுச் செலுத்தத் தொடங்க வேண்டும் என்பதே எங்களுக்குக் கற்றுத்தரப்பட்ட முதல் பாடம். தான்சானியாவில் 8 மருத்துவமனைகளில் இத்தகைய பயிற்சி அளித்து, 2013-இல் வெளியான ஆய்வில், பிறந்த 24 மணி நேரத்துக்குள் நேரும் இறப்பு 47 சதவீதம் குறைந்திருந்தது. தோல் உரியாத நிலையில், அதாவது இறந்து அதிக நேரம் ஆகாத நிலையில், இறந்து பிறந்ததாகப் பதிவான குழந்தைகளின் விகிதமும் 24 சதவீதம் குறைந்திருந்தது. இந்த இரண்டாவது எண்தான் என்னை உலுக்கியது; முன்பு அவ்வாறு பதிவானவர்களுள் சிலர் உயிரோடுதான் பிறந்திருந்தார்கள் என்றே நான் அதற்குப் பொருள் கொள்கிறேன்.

குறைகளும் உண்டு. எங்களுக்கு வந்த பெட்டியில் 1 என்ற அளவுள்ள முகமூடி மட்டுமே இருந்தது. எடை குறைந்த குழந்தைக்கு அது கண்கள் வரை ஏறிவிடுவதால், ஓரத்தில் காற்று கசிந்து, எவ்வளவு அழுத்தினாலும் நெஞ்சு எழும்புவதில்லை. 0 அளவு முகமூடியைத் தனியாகக் கேட்டு வாங்கும்வரை ஒவ்வொரு குறைமாதப் பிரசவத்தையும் பதைப்போடுதான் எதிர்கொண்டேன். இன்னொன்று, கழுவிக் கொதிக்கவைத்தபின் மீண்டும் பூட்டும்போது, வாத்தின் அலகு போன்ற சிறு வால்வு விட்டுப்போனாலும் வெளியிலிருந்து பார்க்கத் தெரியாது. ஒருமுறை அப்படி நேர்ந்ததைப் பணிமாற்றத்தின்போது கண்டுபிடித்தோம். முகமூடியை உள்ளங்கையில் அழுந்தப் பொருத்திப் பையை அழுத்தினால், அழுத்தத்தை விடுவிக்கும் வால்வு வழியாகக் காற்று சீறி வெளியேற வேண்டும். கையை எடுத்ததும் பை உடனே உப்ப வேண்டும். இப்போது ஒவ்வொரு பிரசவத்துக்கு முன்பும் இதைச் செய்கிறோம்.

வலி தொடங்கிய பின் கருவிலேயே இதயத்துடிப்பு நின்றுவிட்ட குழந்தைக்கு இந்தப் பையால் பயனில்லை. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 19 லட்சம் குழந்தைகள் 28 வாரங்களுக்குப் பின் இறந்து பிறக்கின்றன. அவற்றுள் 40 சதவீதத்துக்கும் மேலானவை பிரசவ வலி தொடங்கிய பின் நேர்பவை. ஆகவே, குழந்தையின் துடிப்பை விடாமல் கேட்பதற்குரிய கருவியை வாங்காமல் இதை மட்டும் வாங்குவது அரைகுறை ஏற்பாடாகவே முடியும்.

வாங்கலாம் என்று உறுதியாகவே பரிந்துரைக்கிறேன். 0, 1 ஆகிய இரு அளவு முகமூடிகளையும், மாற்று வால்வு ஒன்றையும் சேர்த்தே கேளுங்கள். பயிற்சிப் பொம்மை கிடைத்தால் வாரம் ஒருமுறையாவது சில நிமிடங்கள் பழகுங்கள். ஒருநாள் பயிற்சியில் வந்த கைப்பழக்கம் சில மாதங்களிலேயே தளர்ந்துவிடுவதை எங்களிடமே கண்டேன். எங்கள் பை இப்போது பூட்டிய அலமாரியிலிருந்து வெளியே வந்து, பிரசவக் கட்டிலுக்குப் பக்கத்தில், உலர்ந்த துணிகளோடு பொருத்திய நிலையில் இருக்கிறது.