பாலாமணி அம்மாளா, சங்கரதாஸ் சுவாமிகளா?

புதுச்சேரியில் ஒரு நாடக முன்னோடியின் வாழ்க்கையை மேடையேற்றலாம் என்றால் எல்லோரும் முதலில் சொல்வது சங்கரதாஸ் சுவாமிகளைத்தான். சரி, 1922-இல் அவர் மறைந்தது இந்த ஊரில், நினைவிடம் கருவடிக்குப்பத்தில் இருக்கிறது, நாடகங்களும் அச்சில் கிடைக்கின்றன, ஒத்திகை சுலபம்.

ஆனாலும் என் ஓட்டு கும்பகோணம் பாலாமணி அம்மாளுக்குத்தான். பெண் வேடத்தைக்கூட ஆண்களே கட்டிய காலத்தில் பெண்களை மட்டுமே வைத்துக் கம்பெனி நடத்தி, ஆண் வேடங்களையும் அவர்களுக்கே கொடுத்து, முதலாளியாகவும் கதாநாயகியாகவும் தானே நின்றவர். அவர் நாடகம் பார்க்கத் தனி ரயிலே விட்டார்கள் என்று நாடக வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். அப்படிப்பட்டவரின் கடைசிக் காலம் வறுமையில் கழிந்ததை நினைத்தால் இன்றும் வலிக்கிறது. வசனம் முழுக்க நாமே எழுத வேண்டியிருக்கும், எழுதுவோம். ஆண் வேடம் கட்ட நம் ஊர்ப் பெண்கள் தயாராகவே இருக்கிறார்கள்.