கேத்தியில் கோழி எரு கேஸ்: சில வருடம் ஓட்டிய பிறகு

மலையில் கோழி எருக் கலனை, அதாவது எச்சத்தைக் கரைத்து ஊற்றி சமையல் கேஸ் எடுக்கும் மூடிய தொட்டியை, கேஸுக்காகக் கட்டினால் ஏமாற்றம்தான். உரத்துக்காகக் கட்டுங்கள், கேஸ் அதில் வரும் லாபம்.

எங்களுக்கு நீலகிரியில் கேத்திப் பக்கம். சுமார் 300 முட்டைக் கோழி, ரெண்டு மாடு, சரிவில் கேரட்டும் பூண்டும். கலன் நாளைக்கு 2 கன மீட்டர் கேஸ் என்று கணக்கிட்ட தீனபந்து வகை, தரைக்கு அடியில் செங்கல் குவிமாடம். குளிருக்கு அது பரவாயில்லை, மண் போர்த்திக்கொள்கிறது. கட்டும்போது ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வெயில் பகுதிக்குக் கரைசல் 30 நாள் உள்ளே தங்கினால் போதும் என்று கணக்கு. குளிர்ப் பகுதிக்கு 55 நாள். சமவெளிக் கொத்தனார் பழக்கத்தில் 30 நாள் அளவுக்கே குழி எடுக்கப் பார்ப்பார். பெரிதாகவே எடுக்கச் சொல்லுங்கள்.

ஒரு முட்டைக் கோழி நாளைக்கு 100 கிராமுக்குக் குறையாமல் எச்சமிடும். அதை மட்டும் கரைத்து ஊற்றினால் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமாகி, அம்மோனியா ஏறி, கேஸ் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் சுணங்கிவிடும். அதனால் பாதி எச்சம், பாதி சாணம், தண்ணீர் தாராளமாக. மீதி எச்சத்தைத் தேங்காய் நார்க்கழிவோடு அடுக்கி மக்க வைக்கிறோம். தீவனத்தில் போடும் கிளிஞ்சல் தூளும் எச்சத்தோடு வந்து கலனின் அடியில் மண்டும். இறகு மேலே மிதந்து ஆடையாகக் கட்டும். கரைக்கும் தொட்டியில் கொஞ்ச நேரம் தெளியவிட்டு, இறகை அரித்து எடுத்த பிறகுதான் உள்ளே திறக்கிறோம்.

கேஸ் எப்படி? மார்ச், ஏப்ரலில் காலைச் சமையல் முழுக்க அதிலேயே முடிகிறது. டிசம்பர், ஜனவரியில் புல்லில் உறைபனி விழும் நாட்களில் டீ போடத் தேறினால் சந்தோஷம். "சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துடாதீங்க" என்று வீட்டில் சொன்னதுதான் சரி. வெந்நீரில் கரைத்து ஊற்றினால் கொஞ்சம் தேவலை, ஆனால் அதற்கு விறகு எரிப்பது எந்த ஊர் நியாயம்?

கோழி எரு கேஸில் அழுகிய முட்டை வாடை சாணத்தைவிடத் தூக்கல். அது ஹைட்ரஜன் சல்பைடு. பித்தளை வால்வைக் கறுக்க வைத்து, பர்னரை அரித்துவிடும். குழாயின் நடுவே பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை அடைத்து வைத்தோம். நார் கறுத்துப் பொடியாக உதிர்ந்தால் மாற்ற வேண்டும். சுடர் பக் பக்கென்று துள்ளினால் குழாயில் தண்ணீர் கோத்திருக்கிறது, வடித்துவிட்டால் அடங்கிவிடும்.

இனி ஸ்லரி, அதாவது கேஸ் எடுத்த பிறகு கலனிலிருந்து வெளியே வரும் கரைசல். நாமக்கல், பல்லடத்திலிருந்து லாரியில் வரும் மக்காத கோழி எருவை அப்படியே கொட்டினால் ஈ மொய்ப்பதும், கேரட் வேர் கவட்டை விட்டுப் பிளப்பதும் இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. ஸ்லரியில் ஈ உட்காருவதே இல்லை. அதன் தழைச்சத்தில் பெரும்பகுதி பயிர் உடனே எடுக்கும் வடிவில் இருக்கிறது. வெயிலில் ஊற்றினால் அதே வேகத்தில் காற்றில் போய்விடும். சாயங்காலம், தண்ணீர் கலந்து, பாத்தி ஓரத்தில் ஊற்றி மண் அணைப்போம். மழைக்காலத்தில் தொடுவதில்லை. இந்தச் சரிவில் எல்லாம் கீழே ஓடைக்குத்தான் போகும். யூரியா மூட்டை வாங்குவது எங்களுக்கு வெகுவாகக் குறைந்துவிட்டது.

ஐம்பது கோழிக்குள் வைத்திருந்து, மாடும் இல்லை என்றால் கலன் வேண்டாம். நார்க்கழிவோடு மக்க வைத்து மேலே தார்ப்பாய் போடுங்கள், போதும். அதற்கு மேல் என்றால் வெயில் காலத் தொடக்கத்தில் முதல் சாணத்தை ஊற்றும்படி வேலையைத் தொடங்குங்கள். குளிரில் நிரப்பிய கலன் கேஸ் பிடிக்க மாதக்கணக்கில் இழுக்கும்.