செம்பருத்தியில் மாவுப்பூச்சி: வேப்பெண்ணெயா, சோப்புக் கரைசலா?

குருத்து சுருண்டு, காம்பிடுக்கில் வெள்ளைப் பஞ்சு அப்பியிருந்தால் மாவுப்பூச்சி. கூடவே தண்டில் எறும்பும் ஏறினால் சந்தேகமே வேண்டாம். எதைத் தெளித்தாலும், முதலில் சுருண்ட நுனிகளை வெட்டிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

அளவு (1 லிட்டருக்கு)
வேப்பெண்ணெய்: 5 மி.லி., கூடவே 1 மி.லி. திரவ சோப்பு. இரண்டையும் முதலில் குழைத்து, பிறகே தண்ணீர். இல்லாவிட்டால் எண்ணெய் மிதந்து இலை கருகும்.
சோப்பு: காதி சோப்பு 5 கிராம். துணி சோப்புத்தூள் கூடவே கூடாது. உப்பான போர்த் தண்ணீரில் திரிந்துவிடும், மழைநீர் நல்லது.

வேகம்
வேப்பெண்ணெய்: மெதுவாகத்தான். பூச்சி தின்பதும் வளர்வதும் குறையும். வெயிலில் வீரியம் போய்விடும், மாலையில் தெளியுங்கள்.
சோப்பு: மேலே பட்ட குஞ்சுகள் உடனே சாகும். கரைசல் காய்ந்துவிட்டால் அதற்குமேல் வேலை செய்யாது. மெழுகு மூடிய தாய்ப்பூச்சி பெரும்பாலும் தப்பிவிடும்.

செலவு
சோப்பே மலிவு.

நாலைந்து நுனியில் மட்டும் என்றால் சோப்பு போதும், 4 நாளுக்கு ஒருமுறை. செடி முழுக்கப் பரவியிருந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு வேப்பெண்ணெய், வாரம் ஒருமுறை, மூன்று வாரம். எறும்பை விட்டுவைத்தால் இரண்டுமே வீண்.