சென்ட்ஓஎஸ் 7-இல் அப்பாச்சி: ஆறு வருட அனுபவம்

2019-இல் எங்கள் அலுவலக சர்வரில் சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் ஓஎஸ் போட்டு, அப்பாச்சி என்ற வெப் சர்வர் மென்பொருளை நிறுவினேன். இன்றும் அதில்தான் வேலை நடக்கிறது. காரணம் ஒன்றுதான்: எங்கள் கிடங்குக் கணக்கு மென்பொருள் பிஎச்பி நிரல்மொழியின் 5.4 பதிப்புக்காக எழுதப்பட்டது. அதை மாற்றி எழுத எங்களிடம் ஆளில்லை. சென்ட்ஓஎஸ் 7-உடன் வருவதோ பிஎச்பி 5.4.16.

நிறுவுவது சுலபம். பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் யம் கட்டளை மூலம் எச்டிடிபிடி (இங்கே அப்பாச்சியின் பெயர் இதுதான்) பேக்கேஜை இறக்கி, சர்வீஸை ஸ்டார்ட் செய்து, ஃபயர்வாலில் எச்டிடிபியைத் திறந்துவிட்டால் பத்து நிமிடத்தில் சோதனைப் பக்கம் வந்துவிடும். ஒரு ராத்திரி முழுக்க என்னை உட்கார வைத்தது அதற்கு அடுத்த வேலை.

என் ஹோம் ஃபோல்டரில் இருந்த கோப்புகளை எம்வி கட்டளையால் வெப் ஃபோல்டருக்கு நகர்த்தினேன். பிரவுசரில் 403, அதாவது அனுமதி மறுப்பு. பெர்மிஷன் சரி, ஓனர் சரி, கான்ஃபிக்கில் ‘ரிக்வயர் ஆல் கிராண்டட்’ வரியும் இருக்கிறது. எல்எஸ் கட்டளையோடு பெரிய இசட் சேர்த்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஒவ்வொரு கோப்பின் மேலும் ஹோம் ஃபோல்டருக்கான எஸ்இலினக்ஸ் முத்திரை அப்படியே ஒட்டியிருந்தது. எந்த மென்பொருள் எந்தக் கோப்பைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் பாதுகாப்பு அமைப்புதான் எஸ்இலினக்ஸ். எம்வி பழைய முத்திரையையும் சேர்த்தே தூக்கி வரும். நகலெடுக்கும் சிபி கட்டளை போட்டிருந்தால் புதிய இடத்தின் முத்திரை விழுந்திருக்கும். முத்திரையைச் சரிசெய்யும் ரீஸ்டோர்கான் கட்டளையை ஒருமுறை ஓட்டினேன், பக்கம் திறந்துவிட்டது. இந்த மாதிரி நேரத்தில் எஸ்இலினக்ஸை அணைத்துவிடச் சொல்பவர்கள் நிறைய. தயவுசெய்து செய்யாதீர்கள். பழைய பிஎச்பியில் யாராவது ஓட்டை கண்டுபிடித்து உள்ளே வந்தால், சர்வரின் மற்ற பகுதிகளுக்குள் கை நீட்டாமல் தடுக்க அது ஒன்றாவது இருக்கும்.

மெமரியும் ஒருமுறை படுத்தியது. மாதக் கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் ரிப்போர்ட் எடுக்கும்போது சர்வர் நின்றுவிடும். இந்த அப்பாச்சியில் டிஃபால்ட்டாக வருவது பிரிஃபோர்க் என்ற முறை. ஒவ்வொரு இணைப்புக்கும் தனி பிராசஸ், உச்ச வரம்பு 256. எங்களிடம் இருந்தது 2 ஜிபி ரேம். அந்த வரம்பைத் தீர்மானிக்கும் மேக்ஸ்ரிக்வெஸ்ட்வொர்க்கர்ஸை 40-ஆகக் குறைத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

2024 ஜூன் 30-உடன் சென்ட்ஓஎஸ் 7-க்கான அப்டேட்கள் நின்றன. அதே வருடக் கடைசியில் எங்கள் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. புதிதாக ஓஎஸ் போட்டு யம்மை ஓட்டினால், பேக்கேஜ் சர்வர்களின் பட்டியலைத் தரும் மிரர்லிஸ்ட் முகவரியே கிடைக்கவில்லை என்கிறது. நெட்வொர்க் கோளாறு என்று நினைத்து கேபிளையெல்லாம் மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பேக்கேஜ்களை எங்கிருந்து இறக்குவது என்று சொல்லும் ரெப்போ கோப்புகளில் மிரர்லிஸ்ட் வரியை மூடிவிட்டு, பேஸ்யூஆர்எல்லைப் பழைய பேக்கேஜ்களின் காப்பகமான சென்ட்ஓஎஸ் வால்ட் முகவரிக்கு மாற்றியதும் எல்லாம் இறங்கின. அன்றைக்கே தேவையான பேக்கேஜ்கள் அனைத்தையும் ஒரு வெளி டிஸ்க்கில் இறக்கி, அவற்றைப் பட்டியலிடும் கிரியேட்ரெப்போ கட்டளையை ஓட்டி, சொந்த ரெப்போவாக வைத்துக்கொண்டேன்.

இந்த சர்வரை இப்போது இணையத்தின் பக்கம் திறந்து வைப்பதில்லை. இதிலுள்ள குறியாக்க மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2-க்கு, பாதுகாப்பான இணைப்புக்கான டிஎல்எஸ் 1.3 நெறிமுறை தெரியாது. அதனால் முன்னால் டெபியன் 12 லினக்ஸ் ஓடும் இன்னொரு சர்வரில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை வைத்து, சர்டிஃபிகேட்டை அங்கே கொடுத்துவிட்டேன். அந்த ஒரு ஐபியைத் தவிர வேறு எதையும் பழைய சர்வரின் ஃபயர்வால் உள்ளே விடாது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் சென்ட்ஓஎஸ் போலவே இருக்கும் ஆல்மாலினக்ஸ் 9 பக்கம் போங்கள். பழைய மென்பொருளை விட முடியாதவர்கள், டிஸ்க் நன்றாக இருக்கும்போதே வால்ட்டிலிருந்து பேக்கேஜ்களை இறக்கி வைத்துவிடுங்கள்.